சீன மருத்துவத்தின் கதை – 14: அரண்மனை விரட்டிய விரல்கள்

1571-ஆம் ஆண்டு. சீனாவை மிங் வம்சத்தின் லோங்சிங் பேரரசர் ஆண்டுகொண்டிருந்தார். பெய்ஜிங் அரண்மனை மருத்துவக் கழகத்தில் அதுவரை 13 துறைகள் இருந்தன. அந்த ஆண்டு பட்டியலைத் திருத்தி எழுதியபோது இரண்டு பெயர்களை அடித்துவிட்டார்கள். ஒன்று, மந்திரித்து நோய் தீர்க்கும் துறை. மற்றது, உடம்பைப் பிடித்துவிட்டு நோய் தீர்க்கும் துறை. சீனர்கள் இந்த இரண்டாவதை ‘ஆன்மோ’ என்பார்கள். மந்திரவாதியோடு சேர்த்துப் பிடித்துவிடுபவரையும் வாசலுக்கு வெளியே நிறுத்தியாயிற்று.

இந்தத் தொடரில் இதுவரை மூலிகை, நாடி, ஊசி என்று பார்த்துவந்தோம். மூன்றுக்கும் பெரிய நூல்கள் உண்டு, பெரிய மருத்துவர்களின் பெயர்கள் உண்டு. பிடித்துவிடும் கலைக்கு இரண்டுமே குறைவு. பழைய ஹான் வம்ச நூற்பட்டியல் ஒன்றில் மஞ்சள் பேரரசர் பெயரால் 10 சுருள் கொண்ட ஆன்மோ நூல் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. நூல் தொலைந்துபோயிற்று, பெயர் மட்டும் இருக்கிறது. இந்தக் கலையின் வரலாற்றை எழுத உட்காருபவர் முதலில் மோதிக்கொள்ளும் சுவர் அதுதான்.

இன்று சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சென்னையிலும் சீன மசாஜ் கடைகளின் கண்ணாடிக் கதவில் ‘ஐயாயிரம் ஆண்டுப் பாரம்பரியம்’ என்று ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அலுத்த உடம்போடு போகிறவர் அதை ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார். ஆனால் இந்தக் கலை அப்படி ஒரே நூலாக இழைந்து வரவில்லை. பலமுறை அறுந்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்களின் கைக்குப் போய், நாம் காணும் வடிவத்துக்கு 1950-களில்தான் வந்து சேர்ந்தது. அந்தக் கைமாறல்களைத்தான் இந்த இதழில் பார்க்கப்போகிறோம்.

*

1970-களின் தொடக்கத்தில் ஹூனான் மாநிலத்தின் தலைநகரான சாங்ஷா அருகே மாவாங்துய் என்ற மேட்டைத் தோண்டினார்கள். மூன்று கல்லறைகள் வந்தன. முதல் கல்லறையில் இரண்டாயிரம் ஆண்டுகளாக அழுகாமல் கிடந்த ஒரு சீமாட்டியின் உடல் உலகமெங்கும் பேசப்பட்டது. மருத்துவ வரலாறு எழுதுபவர்களுக்குப் புதையல் கிடைத்தது மூன்றாவது கல்லறையில். கி.மு. 168-இல் மூடப்பட்ட அந்தக் கல்லறையில் பட்டுத்துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் மடிந்து கிடந்தன. அவற்றில் ஒரு துணியில் வண்ணத்தில் 44 மனித உருவங்கள். ஆணும் பெண்ணும், இளையோரும் முதியோரும் குனிந்து, வளைந்து, கையை நீட்டி உடற்பயிற்சி செய்கிறார்கள். இன்னொரு சுவடியில் 52 நோய்களுக்கான சிகிச்சைகள். அதில் குழந்தைக்கு வலிப்பு வந்தால், ஒரு கரண்டியை எடுத்து வலிப்பு கண்ட இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்க்கச் சொல்லியிருக்கிறது. தேய்க்கும்போது மந்திரமும் சொல்ல வேண்டும்.

1571-இல் ஒன்றாக வெளியேற்றப்பட்ட இரண்டும் கி.மு. 168-இலேயே ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன.

அடுத்து ‘ஹுவாங்தி நெய்ஜிங்’. மஞ்சள் பேரரசரின் உள் மருத்துவ நூல் என்று முன்பே விரிவாகப் பார்த்தோம். அதில் ஓர் அத்தியாயம் நாட்டை ஐந்து திசையாகப் பிரித்து, எந்தச் சிகிச்சை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறது. மீனும் உப்பும் தின்னும் கிழக்கத்தியருக்குக் கட்டி வரும். அவர்கள் கல் ஊசியால் கீறினார்கள். மேற்கே கடுமையான மருந்துகள். குளிர் வாட்டும் வடக்கே சூடு போடுவது. தெற்கே மெல்லிய ஊசி. நடுநாடு சமவெளி, ஈரப்பதமான மண். அங்கே எல்லாம் விளையும், எல்லாவற்றையும் தின்பார்கள், உடம்பு நோக உழைக்க மாட்டார்கள். அதனால் கைகால் சோர்ந்துபோகும். அவர்களுக்குத்தான் உடற்பயிற்சியும் பிடித்துவிடுதலும்.

இதைப் புவியியலாக எடுத்துக்கொள்ள முடியாது. திசைக்கொரு சிகிச்சை என்று அடுக்கிக் காட்டும் ஆசையில் எழுதியது. ஆனாலும், உட்கார்ந்து தின்பவரின் நோய்க்கு மசாஜ் என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். கணினி முன்னால் கழுத்து பிடித்துப்போய் உட்கார்ந்திருக்கும் தலைமுறையைப் பார்த்தே எழுதியதுபோல இருக்கிறது.

*

அரசு இந்தக் கலையை மதித்த காலம் என்றால் அது தாங் வம்ச காலம்தான். அரசு மருத்துவ அலுவலகத்தில் நான்கு பிரிவுகள்: மருந்து, ஊசி, ஆன்மோ, மந்திரம். ஆன்மோ பிரிவில் ஒரு பேராசிரியர், நான்கு ஆசான்கள், பதினாறு பணியாளர்கள், பதினைந்து மாணவர்கள் என்று தாங் நிர்வாக நூல் கணக்கு வைத்திருக்கிறது. உடற்பயிற்சி கற்றுக்கொடுப்பது இவர்கள் வேலை. அடிபட்டு, விழுந்து, எலும்பு முறிந்து வருபவர்களுக்கு எலும்பைச் சேர்த்துக் கட்டுவதும் இவர்கள் வேலைதான். ஆனால் பேராசிரியருக்கே அரசு அதிகாரிகளின் ஒன்பது தரங்களில் கடைசித் தரம்தான் கிடைத்தது. மதித்தார்கள் என்று மேலே எழுதியதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாட்டைப் பார்த்து ஜப்பானும் 701-இல் இயற்றிய தாய்ஹோ சட்டத்தில் மசாஜ் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியது. சீனா இதைக் கைவிட்டபிறகும் ஜப்பான் கைவிடவில்லை. அந்தக் கதை பின்னால் வரும்.

தாங் காலத்தின் பெரிய மருத்துவர் சுன் ஸிமியாவ் இந்தத் தொடரில் பலமுறை வந்துவிட்டார். 652 வாக்கில் அவர் தொகுத்த மருந்துநூலில் மசாஜுக்கென்று ஒரு பகுதி உண்டு. அதில் முதலில் வருவது, இந்திய நாட்டு மசாஜ் முறை. இது பிராமணர்களின் முறை என்று அவரே குறிப்பும் எழுதியிருக்கிறார். மொத்தம் 18 அசைவுகள். இரண்டு கைகளையும் கழுவுவதுபோல் ஒன்றோடொன்று முறுக்க வேண்டும். விரல்களைக் கோத்து நெஞ்சுக்கு நேரே புரட்ட வேண்டும். பலமான வில்லை வளைப்பதுபோல் இழுக்க வேண்டும். முன்னால் குத்துவிட வேண்டும். மலையைத் தள்ளுவதுபோல் கையை ஊன்றி உடம்பைத் திருப்ப வேண்டும். வயதானவர் இதை நாளுக்கு மூன்று தடவை செய்தால் ஒரே மாதத்தில் நோயெல்லாம் போய், ஓடும் குதிரைபோல் நடப்பார், பசி எடுக்கும், கண் தெளியும் என்கிறார் சுன்.

பட்டியலைப் படித்தால் ஒன்று தெரியும். அடுத்தவர் பிடித்துவிடுவது இதில் இல்லை. நமக்கு நாமே செய்துகொள்ளும் பயிற்சிதான் எல்லாம். உண்மையிலேயே இந்தியாவிலிருந்து வந்ததா, இந்தியப் பெயர் ஒட்டிய சீனப் பயிற்சியா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அந்தக் காலத்தில் இந்தியப் பெயருக்கு மதிப்பு இருந்தது என்பதில் சந்தேகமில்லை. யுவான் சுவாங் இந்தியாவைச் சுற்றிவிட்டு 645-இல் சாங்ஆன் திரும்பியிருந்தார். நான்கு பூதங்களும் கெட்டு 404 நோய்கள் உண்டாகும் என்ற பௌத்தக் கணக்கு சுன்னின் நூலிலேயே இருக்கிறது. புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகரின் பெயரிலும் சீனத்தில் மாத்திரைகள் உருட்டினார்கள்.

குழந்தைகளுக்குச் சுன் சொன்னது இன்னும் எளிமை. நோயே இல்லாவிட்டாலும், காலையில் மருந்துக் களிம்பை எடுத்து உச்சிக்குழியிலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடவித் தேய்த்துவிட்டால் குளிர்காற்று அண்டாது. இந்த வரி அவருக்குப் பிறகு ஆயிரம் ஆண்டு தாண்டியும் வேலை செய்யப்போகிறது.

*

சோங் வம்சம் வந்ததும் நிலைமை மாறிற்று. அச்சகம் பெருகியது. அரசே பழைய மருத்துவ நூல்களைத் திருத்திப் பதிப்பித்தது. 1076-இல் அரசு மருந்துக்கடை திறந்தது. கன்ஃபூசிய நூல்களைப் படித்துத் தேர்வெழுதி, பதவி கிடைக்காமல் மருத்துவத்துக்கு வந்த கல்விமான்கள் பெருகினார்கள். நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துவிட்டு, மருந்துச் சீட்டு எழுதிக்கொடுத்து எழுந்துவிடுவதுதான் அவர்களுக்குக் கௌரவம். அடுத்தவர் உடம்பைப் பிசைவது வேலைக்காரன் தொழில். பெண் நோயாளி என்றால் தொடுவதற்கே தயக்கம். சோங் அரசு மருத்துவத் துறைகளின் பட்டியலில் ஆன்மோவுக்கு இடமில்லை.

ஆனாலும் சோங் வரலாற்று நூலில் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. பாங் ஆன்ஷி என்பவர் பேர்பெற்ற மருத்துவர். டோங்செங் என்ற ஊரில் ஒரு வீட்டில் பிரசவ வேதனை ஏழு நாளாக நீண்டும் பிள்ளை இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த பாங்கின் சீடர் அவரைக் கூட்டிவந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தவுடனே, சாக மாட்டாள், சாக மாட்டாள் என்று கூவினாராம் பாங். வீட்டாரை விட்டு வெந்நீரால் இடுப்புக்கும் வயிற்றுக்கும் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். பிறகு தாமே வயிற்றை மேலும் கீழுமாக நீவிவிட்டார். அவள் லேசாக வலிக்கிறது என்று முனகிய நேரத்தில் ஆண்பிள்ளை பிறந்தது. இதற்குப் பிறகு, வயிற்றுக்குள் இருந்த பிள்ளை தாயின் குடலைப் பிடித்துக்கொண்டிருந்ததாகவும் தான் வெளியிலிருந்து அதன் கையில் ஊசி குத்தியதாகவும் பாங் விளக்கம் சொல்கிறார். அதை நாம் தள்ளிவிடலாம். வெந்நீரும் நீவிய கையும் நம்பக்கூடியவை. சீட்டு எழுதும் மருத்துவர்களின் காலத்தில் இப்படித் தானே குனிந்து கைவைத்தவர் அபூர்வம். அதனாலேயே அரச வரலாற்றில் ஏறியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

மிங் காலத்தில் ஆன்மோ மீண்டும் பட்டியலில் ஏறி, 13 துறைகளில் ஒன்றாகி, முதலில் சொன்னபடி 1571-இல் இறங்கியது. எலும்பு கட்டும் துறையை மட்டும் விட்டுவைத்தார்கள். 

*

வெளியே போன கை எங்கே போயிற்று? தொட்டிலுக்குப் போயிற்று.

விரட்டி முப்பது ஆண்டு ஆனபோது, 1601-இல் யாங் ஜிஜோ வெளியிட்ட பெரிய ஊசிமருத்துவ நூலின் கடைசிப் பகுதியில் குழந்தைகளுக்கான மசாஜ் நூல் ஒன்று முழுசாகச் சேர்க்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் குழந்தை மசாஜ் என்றே தனிநூல்கள் வரிசையாக வந்தன. ‘துய்னா’ என்ற பெயர் பரவியதும் இவற்றோடுதான். காரணம் சொல்ல ஆராய்ச்சி வேண்டாம். பால்குடிப் பிள்ளைக்குக் கசாயத்தைப் புகட்ட முடியாது, துப்பிவிடும். ஊசி குத்தினால் வீடே அதிரும். தடவிவிடுவதற்கு எந்தத் தாயும் மறுப்புச் சொல்ல மாட்டாள்.

இந்த நூல்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு சின்னக் கையின் படம் இருக்கும். விரல் நுனியிலிருந்து முழங்கைவரை கோடுகளும் புள்ளிகளும். ஆண்பிள்ளைக்கு இடக்கை, பெண்பிள்ளைக்கு வலக்கை என்று விதி. உடம்பு குளிர்ந்திருந்தால் கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி மேலே தள்ள வேண்டும். காய்ச்சல் அனலாக இருந்தால் சுண்டுவிரல் பக்கமாக முழங்கையிலிருந்து கீழே இறக்க வேண்டும். உள்கையின் நடுக்கோட்டில் தண்ணீர் தொட்டு மேலே நீவுவதற்கு ‘வானாற்று நீர்’ என்று பெயர். அதுவும் சூட்டைத் தணிக்கத்தான். தோல் உரசாமல் இருக்கத் தண்ணீர், இஞ்சிச் சாறு, வெங்காயத்தாள் சாறு, நல்லெண்ணெய் என்று நோய்க்குத் தக்கபடி மாற்றித் தொட்டுக்கொள்வார்கள். மனப்பாடம் செய்ய வசதியாக முறைகளைப் பாட்டாகவும் எழுதிவைத்தார்கள்.

மாந்தம் கண்டு வயிறு உப்பி, சோறு இறங்காமல் இளைக்கும் பிள்ளைக்கு வேறொரு முறை. வெறும் வயிற்றோடு காலையில் பிள்ளையை அம்மாவின் மடியில் குப்புறப் போடுவார்கள். இரண்டு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வால் எலும்புக்குப் பக்கத்தில் தோலை மட்டும் கிள்ளித் தூக்கி, உருட்டிக்கொண்டே முதுகுத்தண்டின்மேல் கழுத்துவரை ஏறுவார்கள். மூன்று தடவை உருட்டினால் ஒரு தடவை வெடுக்கென்று மேலே இழுப்பார்கள். பிள்ளை வீறிட்டு அழும். இதன் வேர் 4-ஆம் நூற்றாண்டு மருத்துவர் கெ ஹோங் வரை போகிறது. திடீர் வயிற்றுவலிக்கு அவர் முதுகுத்தோலைக் கிள்ளி இழுக்கச் சொல்லியிருக்கிறார். மலேரியா மருந்துக்கு வித்திட்ட அதே கெ ஹோங்தான். அவரைப் பற்றிப் பின்னொரு இதழில். பெய்ஜிங் மருத்துவமனைகளில் இன்றும் முதுகு உருட்டுவதற்குப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள்.

இந்த நூல்கள் பலன் தந்தனவா என்று கேட்டால், அழுகிற பிள்ளை தூங்கியிருக்கும், வாயு கலைந்திருக்கும் என்று துணிந்து சொல்லலாம். அம்மை கண்ட பிள்ளையைக் கைக்கோடு காப்பாற்றியிருக்காது.

*

பெரியவர்களைப் பிடித்துவிட்டவர்கள் யார்? நாவிதர்கள், குளியலறைப் பணியாளர்கள், மற்போர்க்காரர்கள். 1645-இல், ஆட்சியைப் பிடித்திருந்த மஞ்சூரியர்கள் ஆண்களெல்லாம் முன்தலையை மழித்துப் பின்னல் போட வேண்டும் என்று உத்தரவு போட்டதிலிருந்து நாவிதருக்கு ஓயாத வேலை. தலையை மழித்து, காதைச் சுத்தம் செய்து, தோளைத் தட்டி, முதுகைக் குத்தி, கழுத்தைச் சொடுக்கி அனுப்புவார். யாங்ஜோ நகரம் மூன்று கத்திகளுக்குப் பேர்போனது: சமையல் கத்தி, சவரக் கத்தி, கால் ஆணி சீவும் கத்தி. அந்த ஊரின் குளியலறைகளில் ஊறிய உடம்பைத் தேய்த்துப் பிடித்துவிடும் தொழில் தலைமுறைத் தொழில்.

அரசும் முழுசாக மறந்துவிடவில்லை. சியான்லோங் பேரரசர் தொகுக்கச் சொல்லி 1742-இல் முடிந்த மருத்துவக் களஞ்சியத்தில், எலும்பு கட்டுவதற்கு எட்டுக் கைவேலைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் கடைசி நான்கு அமுக்குதல், தேய்த்தல், தள்ளுதல், பிடித்தல். துறையாக வெளியே போனது, எலும்பு வைத்தியத்தின் பைக்குள் ஒளிந்து திரும்ப வந்திருந்தது. 1822-இல் தாவ்குவாங் பேரரசர் ஊசித் துறையையும் அரண்மனையிலிருந்து நீக்கினார். அரசர் திருமேனியில் ஊசி குத்துவதும் சூடு போடுவதும் தகாது என்பது காரணம். அப்போது ஆன்மோக்காரர்கள் வெளியே போய் 250 ஆண்டு ஆகியிருந்தது.

இந்த யாங்ஜோ வட்டாரத்தில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் டிங் ஃபெங்ஷான் என்பவர் வருகிறார். ஹெனானிலிருந்து வந்த லீ என்ற ஆசானிடம் ‘ஒற்றை விரல் தியானம்’ என்ற முறையைக் கற்றார். கட்டைவிரல் நுனியை ஓர் இடத்தில் ஊன்றி, மணிக்கட்டைத் தளரவிட்டு, முன்கையை ஊசலாட்டுவதுதான் முறை. பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். நிமிடத்துக்கு 120 முதல் 160 தடவை, ஒரே அழுத்தத்தில், விரல் நழுவாமல் ஆட வேண்டும். மாணவன் முதல் நாளிலேயே மனித உடம்பைத் தொட முடியாது. அரிசி நிரப்பிய சிறு துணிப்பையை மேசையில் வைத்து, மாதக்கணக்கில் அதன்மேல் கட்டைவிரலை ஆட்டிப் பழக வேண்டும்.

இந்த முறைக்குத் தமிழ் வாசகர் காது கொடுக்கும்படியான ஒரு புராணமும் உண்டு. போதிதர்மர் கற்றுக்கொடுத்தது என்பார்கள். இவர்கள் உடம்பை உரமேற்றச் செய்யும் தசைநார்ப் பயிற்சி நூலையும் அவர்தான் எழுதினார் என்பார்கள். ‘ஏழாம் அறிவு’ படம் வந்தபிறகு நம்மில் பலர் இதை வரலாறாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம். அந்தப் பயிற்சி நூல் 1624 வாக்கில் ஒரு தாவோயிஸ்ட் எழுதி, பழைய முன்னுரைகளைப் பொய்யாகச் சேர்த்தது என்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். போதிதர்மருக்கும் அதற்கும் இடையில் ஆயிரம் ஆண்டு இடைவெளி. காஞ்சிபுரத்துக்குப் பெருமை சேர்க்க வேறு நல்ல சான்றுகள் இருக்கின்றன. இதை விட்டுவிடுவது நல்லது.

*

1929 பிப்ரவரியில் நான்ஜிங் அரசின் சுகாதாரக் குழு கூடியது. ஜப்பானில் ஒசாகாவில் மேலைமருத்துவம் படித்துத் திரும்பிய யு யுன்சியூ ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பழைய மருத்துவத்தை ஒழிக்க வேண்டும். இருப்பவர்கள் 1930 முடிவதற்குள் பதிவு செய்துகொண்டு மறுபயிற்சி பெற வேண்டும். பள்ளி நடத்தக் கூடாது, பத்திரிகையில் விளம்பரம் கூடாது. குழு ஏற்றுக்கொண்டது.

மார்ச் 17-இல் ஷாங்காயில் சீன மருத்துவர்களும் மருந்து வணிகர்களும் மாநாடு கூட்டினார்கள். பல மாநிலங்களிலிருந்து 250-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். மருந்துக்கடைகளை அடைத்தார்கள். ஐந்து பேர் கொண்ட குழு மனுவோடு நான்ஜிங் ரயில் ஏறியது. தீர்மானம் கிடப்பில் போடப்பட்டது. இதை முழுக் கதையாகத் தனி இதழில் சொல்ல வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். அந்த மாநாட்டைத் தாங்கியவர்கள் மருந்து எழுதுபவர்களும் மருந்து விற்பவர்களும். பிடித்துவிடுபவரிடம் விற்பதற்குச் சரக்கும் இல்லை, தூக்கி நிறுத்தச் சங்கமும் இல்லை. டிங்கின் சீடர்கள் அதே ஷாங்காயில்தான் கடை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

1949-இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தபிறகு கணக்கு மாறியது. கோடிக்கணக்கான மக்கள், சொற்ப மருத்துவர்கள், மருந்து வாங்கக் காசில்லை. 1956-இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்டு ஆகிய நான்கு நகரங்களில் சீன மருத்துவக் கல்லூரிகள் தொடங்கின. அதே ஆண்டு ஷாங்காயில் துய்னா பயிற்சி வகுப்பும் ஆரம்பித்து, பிறகு பள்ளியாக வளர்ந்தது. ஒற்றை விரல் பரம்பரையைச் சேர்ந்த ஜு சுன்டிங் அதன் தலைவர். டிங் குடும்பத்தில் பிறந்த டிங் ஜிஃபெங், ஒற்றை விரலின் அழுத்தம் பெரிய தசைகளுக்குப் போதவில்லை என்று 1940-களில் புறங்கையை உருட்டும் முறையை உருவாக்கியிருந்தார். அதுவும் பாடத்தில் சேர்ந்தது. ஷான்டோங்கிலிருந்து வந்த மற்போர்க்காரர்களின் முறையும் சேர்ந்தது. ஒருவர் முறையை ஒருவர் கண்ணில் காட்டாத ஆசான்கள் ஒரே கூரையின்கீழ் வகுப்பெடுத்தார்கள். மந்திரம் போயிற்று, உடற்கூறு வந்தது. அரிசிப்பை மட்டும் மாறாமல் மேசைமேல் இருந்தது.

*

ஜப்பானை விட்ட இடத்துக்கு வருவோம். அங்கே 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுகியாமா வாய்ச்சி என்ற பார்வையற்ற ஊசிமருத்துவர் ஷோகுனுக்கே வைத்தியம் பார்த்து, பார்வையற்றவர்களுக்கு ஊசியும் மசாஜும் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளை ஏற்படுத்தினார். இரவில் சீழ்க்கை ஊதிக்கொண்டு தெருவில் போகும் பார்வையற்ற மசாஜ்காரர் ஜப்பானிய ஊர்களின் வழக்கமான காட்சியானார். சீனாவில் பார்வையற்றவர்களுக்கு வாய்த்தது ஜோசியமும் பாட்டும். புதிய அரசு ஜோசியத்தை மூடநம்பிக்கை என்று அடக்கியபோது அவர்களுக்குப் பிழைப்பு வேண்டியிருந்தது. 1950-களில் மசாஜ் பயிற்சி வகுப்புகள் தொடங்கின. 1958-இல் பெய்ஜிங்கில் அவர்களுக்காகத் திறந்த சிகிச்சையகம்தான் இன்றைய பெய்ஜிங் மசாஜ் மருத்துவமனை. நான்ஜிங்கில் ஒரு பார்வையற்றோர் மசாஜ் நிலையத்தை வைத்து பி ஃபெய்யு 2008-இல் எழுதிய ‘துய்னா’ நாவல் மாவோ துன் விருது பெற்றது. 2014-இல் லோ யே அதைப் படமாக எடுத்தார்; தொழில்முறை நடிகர்களோடு பார்வையற்றவர்களும் அதில் நடித்திருக்கிறார்கள்.

கடைசியாக, பாத மசாஜ். கடைச் சுவரில் தொங்கும் பாதப் படம், கட்டைவிரலில் மூளை, குதிகாலில் இடுப்பு என்று வண்ணம் தீட்டியது, பழைய சீனம் என்று நினைத்திருப்பீர்கள். அதன் ஊர் அமெரிக்கா. யூனிஸ் இங்காம் என்ற பெண்மணி 1930-களில் உருவாக்கியது. ஜோசஃப் ஒய்க்ஸ்டர் என்ற சுவிஸ் பாதிரியார் தைவானின் கிழக்குக் கரையில் ஊழியம் செய்துகொண்டிருந்தபோது மூட்டுவலியில் அவதிப்பட்டார். சக ஊழியர் ஒருவர் கொடுத்த புத்தகத்தைப் பார்த்துத் தன் காலைத் தானே பிடித்துக்கொண்டு தேறி, ஊராருக்கும் செய்துவிட்டார். 1980-களில் அது தைவான் முழுவதும் பற்றி, சீன மண்ணுக்கும் சிங்கப்பூருக்கும் போனது. பாதத்தை அமுக்கினால் சுகமாக இருக்கும், சந்தேகமில்லை. கல்லீரல் சரியாகும் என்பதற்குச் சான்று இல்லை.

துய்னாவுக்கும் இதே அளவுகோல்தான். இடுப்புவலிக்கு மசாஜ் பற்றி 2015-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, குறுகிய காலத்துக்கு வலி குறைவது தெரிகிறது, சான்றுகளின் தரம் மட்டம் என்றது. கழுத்துப் பிடிப்பு, தோள் இறுக்கம், அலுப்பு, தூக்கமின்மை ஆகியவற்றுக்குப் பயிற்சி பெற்ற கை நல்லதுதான் செய்யும். சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் புற்றையும் விரலால் விரட்டுகிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எலும்புத் தேய்மானம் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொண்டாலோ, கர்ப்பமாக இருந்தாலோ படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். யாராக இருந்தாலும் கழுத்தைத் திடீரென்று திருப்பிச் சொடுக்க விடாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

அடுத்த இதழில் 1971 ஜூலை: பெய்ஜிங் வந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் அறுவை செய்ய நேர்ந்ததும், அதன்பின் அவர் எழுதிய ஒரு கட்டுரையால் அமெரிக்கா ஊசியைத் தேடி ஓடியதும்.

(தொடரும்)